கப்பல் மோதுவது தலையெழுத்தா?

(கடலோர ஊர் ஒன்றில் வாசகசாலைத் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



கப்பல்கள் ஒன்றோடொன்று மோதுவதையும் தரைதட்டுவதையும் ஆராய்ச்சியால் தடுக்க முடியுமா என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர் வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கப்பலோட்டியவனல்ல, கடலில் பிழைத்தவனுமல்ல. எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களில் அநேகர், காற்று திரும்புவதைக் கொண்டே நாளைய கடல் எப்படியிருக்குமென்று சொல்லக்கூடியவர்கள். ஆதலால் உங்களுக்குக் கடலைப் பற்றிக் கற்றுக்கொடுக்க நான் வரவில்லை. படித்துத் தெரிந்துகொண்ட சில சங்கதிகளை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் அநுபவத்தோடு ஒத்துப்பார்த்துச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்; அல்லாததைத் தள்ளிவிடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு துக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மங்களூருக்கு மேற்கே ஆழ்கடலில், ஒரு மீன்பிடி விசைப்படகோடு ஒரு பெரிய சரக்குக் கப்பல் மோதியது. படகிலிருந்தவர்கள் 14 பேர். தமிழ்நாட்டாரும் வங்காளத்தாருமாகச் சேர்ந்து பிழைக்கப் போனவர்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர்.

இப்படி ஒரு சேதி வந்தால் நம் ஊர்களில் என்ன பேச்சு நடக்கிறது? ஒரு சாரார், "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்கிறார்கள். மற்றொரு சாரார், "கப்பல்காரன் குடித்துவிட்டுக் கிடந்திருப்பான், அவனைப் பிடித்து உள்ளே போடு" என்கிறார்கள். முதல் சாரார் காரணத்தைச் செத்தவன் தலையில் எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது சாரார் உயிரோடிருக்கிற ஒருவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு இவை எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் பலன் ஒன்றேயாகும். இரண்டிலும் விசாரணை அத்தோடு நின்றுபோகிறது. அடுத்த படகு அதே இடத்தில், அதே காரணத்தால் மூழ்குகிறது. இவ்விரண்டு பேச்சையும் கேட்டுத் திருப்தியடையாமல், "ஏன் மோதியது? எதனால் தட்டியது?" என்று விடாமல் கேட்டவர்களால்தான் கடலில் இன்றுள்ள பந்தோபஸ்து அத்தனையும் உண்டாயிற்று. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒரு தச்சன் கண்ட வழி

1707-ம் வருஷம் அக்டோபர் மாதம், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில், யுத்தத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு கடற்படை இரவில் போய் மோதியது. 4 கப்பல்கள் நாசமாயின. படைத்தலைவர் கிளௌட்ஸ்லி ஷோவெல் உள்பட ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களிடம் அநுபவசாலிகள் இல்லையா? இருந்தார்கள். தைரியமில்லையா? இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அக்காலத்தில் சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து, வடக்கே தெற்கே எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை ஒருவாறு கண்டுகொள்வார்கள். கிழக்கே மேற்கே எவ்வளவு தூரம் என்பதோ ஊகம்தான். பூமி 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே புறப்பட்ட ஊரின் மணியும், கப்பல் நிற்கும் இடத்தின் மணியும் தெரிந்தால், அவ்விரண்டின் வித்தியாசத்தைக் கொண்டே கிழக்கு மேற்குத் தூரத்தைக் கணக்கிடலாம். 4 நிமிஷ வித்தியாசத்துக்கு 1 பாகை. கணக்கு எளிதுதான். ஆனால் ஆடுகிற கப்பலில், வெயிலிலும் குளிரிலும் தவறாமல் ஓடுகிற கடிகாரத்துக்கு எங்கே போவது?

1714-ம் வருஷம் இங்கிலாந்துப் பார்லிமெண்டு, இதற்கு வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று சட்டம் செய்தது. பெரிய பெரிய வானசாஸ்திரப் பண்டிதர்கள் எல்லாம் சந்திரனைப் பார்த்துக் கணக்குப் போட முயன்றார்கள். கடிகாரத்தைச் செய்து காட்டியவரோ ஜான் ஹாரிசன் என்ற ஒரு தச்சர். சர்வகலாசாலைப் பக்கமே போகாதவர். தம் கைவேலையினாலேயே கடிகார வேலையைக் கற்றுக்கொண்டவர். அவர் செய்த நான்காவது கடிகாரத்தை 1761-ம் வருஷம் ஜமைக்காவுக்குப் போன கப்பலில் வைத்துச் சோதித்தார்கள். 81 நாள் பிரயாணத்துக்குப் பின், கணக்குப் பார்த்ததில் பிழை சுமார் 5 விநாடிதான். இருந்தும் அவருக்குச் சேரவேண்டிய பணத்தைப் பண்டிதர் சபையார் எளிதில் கொடுத்தார்களா? இல்லை. மேலும் சோதனை, மேலும் நிபந்தனை என்று இழுத்தடித்து, கடைசிப் பணம் 1773-ம் வருஷம் அவருடைய 80-வது வயதில்தான் பார்லிமெண்டின் தயவால் கிடைத்தது.

தோழர்களே! இதில் இரண்டு படிப்பினை இருக்கின்றன. கரை தெரியாமல் செத்தவர்களின் சாவுக்கு ஒரு காரணம் இருந்தது; அந்தக் காரணத்துக்கு ஒரு மருந்தும் இருந்தது என்பது ஒன்று. அந்த மருந்து எவன் கையிலிருந்து வரும் என்பதை அவன் பட்டத்தைப் பார்த்தோ குலத்தைப் பார்த்தோ சொல்லிவிட முடியாது என்பது மற்றொன்று.

மோதல் எப்படி நேருகிறது?

இனி மோதலுக்கு வருவோம். பரந்த கடலில் இரண்டு கப்பல்கள் எப்படி மோதிக்கொள்ள முடியுமென்று சிலர் கேட்கலாம். இரண்டு மாட்டுவண்டிகள் வெவ்வேறு பாதையில் ஒரே கூட்டுரோட்டை நோக்கி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியிலிருந்து பார்க்கும்போது அந்த வண்டி உங்கள் மாட்டின் வலது கொம்புக்கு நேரே தெரிகிறது. சற்று நேரம் கழித்தும் அதே கொம்புக்கு நேரேதான் தெரிகிறது. ஆனால் வண்டி பெரிதாகிக்கொண்டு வருகிறது. அப்படியானால் என்ன அர்த்தம்? கூட்டுரோட்டில் இரண்டும் முட்டிக்கொள்ளும் என்றே அர்த்தம். கொம்பைவிட்டு முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் ஆபத்தில்லை. கடலிலும் இதே நியாயந்தான். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் நிச்சயம். இதைக் காந்தஊசியை வைத்துக்கொண்டு யாரும் கண்டுகொள்ளலாம். சர்வதேச விதியிலும் இதுவே எழுதப்பட்டிருக்கிறது.

நீராவிக் கப்பல் வந்த பிறகுதான், யார் யாருக்கு விலகுவது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட சட்டம் அவசியமென்று தெரிந்தது. 1840-ல் லண்டனில் ஒரு விதி செய்தார்கள். 1863-ல் இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து ஒரே விதியை ஏற்றுக்கொண்டன. 1889-ல் வாஷிங்டனில் பல தேசத்தார் கூடி அதைத் திருத்தினார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 1972-ல் செய்யப்பட்டு 1977-ல் அமுலுக்கு வந்தது. இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை விளக்கு. இரண்டு யந்திரக் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்புறம் திரும்பவேண்டும். குறுக்கே வந்தால், எவன் தனக்கு வலப்புறத்தில் மற்றவனைக் காண்கிறானோ அவன் விலகவேண்டும். இந்த விதிகள் எவருக்கும் அசரீரியாக வந்தவையல்ல. ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு மோதலில் செத்தவர்களின் கணக்கிலிருந்து எழுதப்பட்டதேயாகும்.

கண் இருந்தும் மோதியது

"சரி, விதி செய்தாகிவிட்டது. பனியிலும் இருட்டிலும் பார்க்க ரேடார் என்ற யந்திரமும் வந்துவிட்டது. இனிமேல் என்ன பயம்?" என்று ஜனங்கள் நினைத்தார்கள். 1956-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், ஆந்திரியா டோரியா என்ற இத்தாலியப் பிரயாணிக் கப்பலும் ஸ்டாக்ஹோம் என்ற ஸ்வீடன் தேசத்துக் கப்பலும் மோதின. இரண்டிலும் ரேடார் இருந்தது. பல மைலுக்கு முன்பே இரண்டும் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்துக்கொண்டன. பார்த்துக்கொண்டே வந்து மோதின. இரு கப்பல்களிலுமாக 51 பேர் மாண்டார்கள். ஆந்திரியா டோரியா மறுநாள் காலையில் மூழ்கிவிட்டது.

இது எப்படி என்று ஆராய்ந்தார்கள். அக்கால ரேடார், எதிர்க்கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்பதை ஒரு புள்ளியாகக் காட்டும். அது எங்கே போகிறது என்பதைச் சொல்லாது. நாமும் ஓடிக்கொண்டிருக்கிறோம், அதுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகையால் அந்தப் புள்ளியைச் சில நிமிஷத்துக்கொரு தடவை காகிதத்தில் குறித்துக் கோடு போட்டால்தான் உண்மை விளங்கும். இத்தாலியக் கப்பலில் கண்ணால் பார்த்து ஊகித்தார்களே ஒழிய காகிதத்தில் குறிக்கவில்லை. பனிமூட்டத்திலும் வேகத்தைப் பேருக்குத்தான் குறைத்திருந்தார்கள். ஒன்று இடப்பக்கம் திரும்ப, மற்றொன்று வலப்பக்கம் திரும்ப, இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. கருவி வாங்கிவிட்டாலே அறிவு வந்துவிடாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? இதன் பின்னர்தான் ரேடார் பயிற்சி எவ்வளவு அவசியம் என்பது உலகத்துக்கு உறைத்தது. நாளடைவில், கோட்டைத் தானே போட்டுக் காட்டும் ரேடாரும் செய்யப்பட்டது.

எண்ணிப் பார்த்ததன் பலன்

அடுத்தபடியாக, சிலர் மோதல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விட்டு மொத்தமாக எண்ணிப் பார்த்தார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள டோவர் ஜலசந்தியில் 1956-லிருந்து 1960 வரையில் 60 மோதல்கள். எதிரும் புதிருமாகக் கப்பல்கள் ஒரே பாதையில் வருவதே காரணமென்று தெரிந்தது. 1961-ல் இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி ஆகிய மூன்று தேசத்துக் கப்பலோட்டுக் கலைச் சங்கத்தாரும் சேர்ந்து இதை ஆராய்ந்து, நம் பட்டணங்களில் போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம் என்று ரோட்டைப் பிரிப்பதுபோலக் கடலையும் பிரித்துவிடலாமென்று யோசனை சொன்னார்கள். 1967-ல் அப்படியே பிரித்தார்கள். ஆனால் இஷ்டமுள்ளவன் அநுசரிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

பலன் என்ன? 1971-ம் வருஷம் ஜனவரியில் அங்கே ஒரு எண்ணெய்க் கப்பல் மோதி வெடித்து மூழ்கியது. மறுநாளே மூழ்கிய அந்த உடலின்மேல் இரண்டாவது கப்பல் வந்து ஏறி மூழ்கியது. அடுத்த மாதம் மூன்றாவது கப்பலும் அதே இடத்தில் மூழ்கியது. 51 பேர் போனார்கள். அதன் பிறகே பாதைப் பிரிவைக் கட்டாயமாக்கினார்கள். இருபது வருஷத்துக்குப் பின் அதே ஜலசந்தியில், அதேபோன்ற அய்ந்து வருஷக் கணக்கில், மோதல்கள் 16 தான். அறுபது பதினாறாயிற்று. கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை, மனிதனுடைய தலையெழுத்தும் மாறியிருக்க முடியாது. மாறியது ஏற்பாடு ஒன்றுதான்.

ஜப்பானில் பியூஜி என்ற ஆராய்ச்சிக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் 1970-களின் ஆரம்பத்தில் இன்னொரு காரியம் செய்தார்கள். ஒரு ஜலசந்தியில் எல்லாக் கப்பல்காரர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் எத்தனை மோதல் நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். உண்மையில் எத்தனை நடந்தது என்றும் எண்ணினார்கள். இரண்டையும் வகுத்துப் பார்த்தால், மோதவேண்டிய பதினாயிரம் தருணங்களில் ஒன்றிரண்டில்தான் மனிதன் தவறுகிறான் என்று ஏறக்குறைய வந்தது. இங்கிலாந்திலும் 1974-ல் இதேபோல் கணக்கிட்டார்கள். அந்த ஒன்றிரண்டு எதனால் தவறுகிறது என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியின் பெரும் பகுதி.

தண்ணீர் செய்யும் வேலை

சில விபத்தில் மனிதன் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். ஆனால் தண்ணீர் என்ன செய்யுமென்று அவனுக்குத் தெரியாது. 1911-ம் வருஷம் செப்டம்பரில், ஒலிம்பிக் என்ற மிகப் பெரிய கப்பலும் ஹாக் என்ற யுத்தக் கப்பலும் இங்கிலாந்துக் கரையோரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. திடீரென்று ஹாக் திரும்பி ஒலிம்பிக்கின் விலாவில் குத்தியது. "சுக்கான் பேச்சுக் கேட்கவில்லை" என்றார்கள். சிறிய மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் ஓட்டிக் கண்ட பரிசோதனைகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார்கள். பெரிய கப்பல் ஓடும்போது அதன் பக்கத்தில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து அழுத்தம் குறைகிறது; பக்கத்திலுள்ள சிறியது உள்ளே இழுக்கப்படுகிறது. பெரிய லாரி உராய்ந்தாற்போல் போகும்போது சைக்கிள்காரனை உள்ளே இழுப்பதை நீங்கள் பார்த்ததில்லையா? அதைப்போலத்தான்.

இந்த இழுப்பு கீழ்நோக்கியும் உண்டு. ஆழங்குறைந்த கடலில் கப்பல் வேகமாகப் போகப் போக, அதன் அடி இன்னும் கீழே இறங்குகிறது. 1992-ம் வருஷம் ஆகஸ்டில் குவீன் எலிசபெத் 2 என்ற கப்பல் அமெரிக்கக் கரையோரம் சுமார் 25 நாட் வேகத்தில் போயிற்று. அது தண்ணீருக்குள் சுமார் 32 அடி இறங்கியிருந்தது. கடல் படத்தில் அவ்விடத்து ஆழம் 39 அடி என்று போட்டிருந்தது. 7 அடி மிச்சமிருக்கிறதே என்று நம்பிப் போனார்கள். அடி பாறையில் உராய்ந்து கிழிந்தது. படத்தில் காட்டாத பாறை ஒன்று, வேகத்தால் கப்பல் அமுங்கியது ஒன்று. அந்தப் படமோ 1939-ல் எடுத்த அளவை வைத்துப் போட்டது. அச்சில் வந்துவிட்டதாலேயே ஒரு விஷயம் உண்மையாகிவிடுமா? யார், எப்போது, எப்படி அளந்தார்கள் என்று கேட்பதுதானே அறிவு?

மோதிய பிறகு கப்பல் எவ்வளவு தாங்கும் என்பதையும் விடவில்லை. 1959-ல் மினோர்ஸ்கி என்பவர், உண்மையில் நடந்த மோதல்களின் பதிவுகளை எடுத்து, எவ்வளவு இரும்பு நசுங்கியது, அது எவ்வளவு வேகத்தை விழுங்கியது என்று ஒரு கணக்கைக் கண்டார். அணுசக்திக் கப்பலின் யந்திரத்தைக் காப்பதற்காகச் செய்த வேலை அது. பின்வந்தவர்களின் ஆராய்ச்சிக்கு அதுவே அஸ்திவாரமாயிற்று. 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறி சுமார் 37,000 டன் எண்ணெயைக் கடலில் கொட்டிய பிறகு, எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் வேண்டுமென்று 1990-ல் அமெரிக்கா சட்டம் செய்தது. பிறகு மற்ற தேசங்களும் பின்பற்றின.

தூக்கமும் யந்திரமும்

பியூஜி கணக்கில் மிஞ்சிய அந்த ஒன்றிரண்டு தவறுகளுக்கு இப்போது வருகிறேன். இங்கிலாந்தில் கடல் விபத்துகளை விசாரிக்கும் இலாகா 2004-ல் 66 விபத்துகளைக் கூர்ந்து ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தரைதட்டிய சம்பவங்களில் மூன்றில் ஒரு பங்கில், களைத்துப்போன ஓர் உத்தியோகஸ்தர் இரவில் தன்னந்தனியாகக் காவல் நின்றிருக்கிறார். மோதிய கப்பல்களில் மூன்றில் இரண்டு பங்கில், சரியாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, தூங்கியவன் குற்றந்தான்" என்று சொல்ல வருவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 6 மணி வேலை, 6 மணி ஓய்வு. மறுபடி 6 மணி வேலை என்று வாரக்கணக்கில் ஓடுகிறவன், அந்த 6 மணி ஓய்விலேயே சாப்பிட்டு, குளித்து, கணக்கெழுதி, துறைமுகத்தில் சரக்கும் ஏற்றி, பிறகு தூங்கவேண்டும். அய்ரோப்பாவில் மாலுமிகளைப் பாவனை யந்திரத்தில் நிறுத்தி ஒரு பிரயாணத்தை நடத்திப் பார்த்தார்கள். அதன் முடிவு 2012-ல் வெளியாயிற்று. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களே காவலில் தூங்கிப்போனார்கள். ஆள் குறைத்தால் கூலி மிச்சமென்று கணக்குப் போட்ட முதலாளி கரையில் படுத்துத் தூங்குகிறான். கப்பலில் கண்மூடியவன் ஜெயிலுக்குப் போகிறான். இருவரில் யாரைத் திருத்தினால் அடுத்த விபத்து நிற்கும்? இப்போது சர்வதேச விதிப்படி 24 மணியில் 10 மணிக்குக் குறையாமல் ஓய்வு கொடுக்கவேண்டும். காவல் நிற்பவன் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்தாவிட்டால் மணியடித்து மற்றவரை எழுப்பும் கருவியும் கட்டாயமாயிற்று. ஆனால் ஓய்வுக் கணக்கைப் பொய்யாக எழுதவைத்தால் எந்த விதியும் காப்பாற்றாது.

யந்திரத்தை மட்டுக்கு மிஞ்சி நம்புவதும் தூக்கத்துக்குச் சமானந்தான். 1995-ம் வருஷம் ஜூன் மாதம் ராயல் மெஜஸ்டி என்ற பிரயாணிக் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. வானத்துக் கோள்களைக் கேட்டு இடத்தைச் சொல்லும் ஜீ.பி.எஸ். கருவி அதில் இருந்தது. புறப்பட்ட சிறிது நேரத்தில் அதன் ஆண்டென்னாக் கம்பி கழன்றுவிட்டது. கருவி வானத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, வெறும் ஊகத்தால் இடம் சொல்ல ஆரம்பித்தது. அதை ஒரு மூலையில் இரண்டு சிறு எழுத்தால் காட்டியது. ஒருவரும் கவனிக்கவில்லை. சுமார் 34 மணி நேரம் காவல் மாறிக் காவல் மாறிக் கருவியையே பார்த்து, "எல்லாம் சரி" என்று எழுதினார்கள். கடைசியில் கப்பல் பாதையைவிட்டு சுமார் 17 மைல் விலகி நான்டக்கெட் பக்கம் மணல்திட்டில் ஏறி நின்றது. ஆயிரத்தைந்நூறு பேர் இருந்தார்கள்; நல்லவேளையாக ஒருவருக்கும் காயமில்லை. வேறொரு கருவியைப் பார்த்து ஒத்துப்பார்த்திருந்தால் போதும். வெளியே ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களும், காணவேண்டிய மிதவையைக் காணாதபோது சந்தேகப்படவில்லை. தான் நம்பியதையே காணும் கண்ணுக்கு எந்த யந்திரமும் மருந்தல்ல.

2017-ம் வருஷம் ஆகஸ்டு 21-ந் தேதி சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மக்கெய்ன் என்ற அமெரிக்க யுத்தக் கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் செத்தார்கள். உலகத்திலேயே அதிகம் செலவழிக்கிற கடற்படை அது. கண்ணாடித் திரையைத் தொட்டுக் கப்பலை ஓட்டும் புதிய ஏற்பாட்டில், யார் கையில் சுக்கான் இருக்கிறதென்றே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. பயிற்சியும் போதவில்லை, தூக்கமும் போதவில்லை. விசாரணைக்குப் பிறகு அந்தக் கடற்படை, வேகத்தை மாற்றுவதற்குப் பழையபடி கையால் பிடிக்கும் நெம்புகோலே வேண்டுமென்று முடிவு செய்தது. புதியது என்பதால் கொண்டாடவும் வேண்டாம், பழையது என்பதால் கும்பிடவும் வேண்டாம். எது உயிரைக் காப்பாற்றுகிறது என்பதே கேள்வி.

தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மொரிஷியஸ் தீவில் 2020-ம் வருஷம் ஜூலையில் வாகாஷியோ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான கப்பல் பவளப்பாரில் ஏறி, சுமார் 1,000 டன் எண்ணெயைக் கக்கியது. ஏன் கரைக்கு அவ்வளவு அருகே போனது? வீட்டாரோடு பேசக் கைப்பேசிக்கு அலை கிடைக்கட்டும் என்று போனதாக ஜப்பான் விசாரணையில் தெரிந்தது. காப்டனை ஜெயிலில் போட்டார்கள். போடட்டும். ஆனால் மாதக்கணக்கில் பிள்ளை குட்டிகளின் குரலைக் கேளாத மாலுமியின் ஏக்கம் ஜெயிலில் போட்டால் தீருமா? கப்பலிலேயே தொடர்பு வசதி செய்து தரவேண்டுமென்ற சர்வதேசத் திருத்தம் 2024 டிசம்பரில் அமுலுக்கு வந்தது. தரைதட்டுவதைத் தடுப்பதற்கு இதுவும் ஒரு வழியே.

நமது கடல்

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி விடியற்காலை, சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே, உள்ளே வந்த எண்ணெய்க் கப்பலும் வெளியே போன வாயுக் கப்பலும் மோதின. எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளியதை உலகமே பார்த்தது. ஆமை செத்தது, மீன் விலைபோகவில்லை. கப்பலில் கால் வைக்காதவன் வயிற்றில் அந்த மோதல் அடித்தது. ஆகவே "கப்பல் மோதல் கப்பல்காரன் கவலை" என்று நாம் சும்மா இருக்க முடியாது.

உங்களுக்குச் சம்பந்தப்பட்ட சில சங்கதிகளைச் சொல்லுகிறேன். பெரிய சரக்குக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவனுக்கு, தலைப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்கலாமென்று சட்டமே அநுமதிக்கிறது. அவனுடைய விளக்கு உங்களுக்குத் தெரிவதால் நீங்களும் அவனுக்குத் தெரிவதாக எண்ணாதீர்கள். மரப்படகும் பைபர் படகும் ரேடாரில் மங்கலாகத்தான் தெரியும். அலையிருந்தால் தெரியாமலும் போகும். பாய்மரத்தில் கட்டும் தகட்டுப் பிரதிபலிப்பான் அதைப் பிரகாசமாக்கும். நங்கூரம் போட்டு எல்லோரும் தூங்கிவிடாமல் ஒருவர் முறைவைத்து விழித்திருக்கவேண்டும். அந்தக் கப்பலோ, யந்திரத்தை நிறுத்தினாலும் நிற்க மைல்கணக்கில் ஆகும். அதற்காக, "படகுக்காரன்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிடவும் கூடாது. பெரியவனும் கண்ணும் காதும் வைத்துப் பார்த்துக்கொண்டே வரவேண்டுமென்பது எல்லாக் கப்பலுக்கும் பொதுவான விதி.

கடைசியாக ஒன்று. 2010-ம் வருஷம் முதல் அமுலிலுள்ள சர்வதேச விதிப்படி, உயிர்ச்சேதம் உண்டாகும் பெரிய கப்பல் விபத்துகளைச் சம்பந்தப்பட்ட தேசம் விசாரித்தே ஆகவேண்டும். அந்த விசாரணையின் நோக்கம் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதல்ல, காரணத்தைக் கண்டுபிடிப்பது. தண்டனை வேறு கோர்ட்டில் நடக்கட்டும். உண்மையைச் சொன்னால் ஜெயில் என்றால் எவனும் உண்மையைச் சொல்லமாட்டான். உண்மை வராவிட்டால் அடுத்தவன் சாவான்.

ஆகையால் நீங்கள் செய்யவேண்டியது என்னவென்றால், இனி ஒரு படகு போனால் நஷ்டஈட்டுத் தொகையோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். "விசாரணை அறிக்கை எங்கே? அது தமிழில் எங்கே?" என்று சர்க்காரைக் கேளுங்கள். வந்தால் இந்த வாசகசாலையில் உரக்கப் படியுங்கள். மோதாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் உங்களுக்கு எத்தனையோ இருக்கும். அவற்றைத் தேதி, நேரம், இடத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். டோவரில் அறுபதைப் பதினாறாக்கியதும் இப்படி எண்ணி எழுதிய கணக்குதான். நூறு படகுக்காரர்கள் எழுதிய நோட்டுப் புத்தகம், எந்த இடத்தில் கப்பல்பாதையும் வலைபோடும் இடமும் முட்டிக்கொள்கின்றன என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மங்களூருக்கு அப்பால் போனவர்களின் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள், "அப்பா எப்படிச் செத்தார்?" என்று கேட்டால், "கடல் கொண்டுபோயிற்று" என்று ஒரு பதில் சொல்லலாம். "இன்ன காரணத்தால் செத்தார், அந்தக் காரணத்தை இப்போது நீக்கிவிட்டோம், நீ பயமில்லாமல் போ" என்றும் ஒரு பதில் சொல்லலாம். இரண்டில் எதைச் சொல்லப்போகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.